நட்சத்திரம், ஸ்மார்ட் போர்டு, 402 − 167

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாடம் கணிதம். 16 வாரக் கற்பித்தல் பயிற்சிக்காக இப்போது ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். 36 பிள்ளைகள். வகுப்பில் ஸ்மார்ட் போர்டு உண்டு. விகிதமுறு எண்களுக்கு நல்ல வீடியோவாகத் தேடிப் போடுகிறேன். கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். "புரிஞ்சுதா?" என்றால் மொத்த வகுப்பும் "புரிஞ்சுது டீச்சர்" என்கிறது. மறுநாள் பின்னக் கூட்டல் கொடுத்தால் ஏழெட்டுப் பேரைத் தாண்டுவதில்லை. சரியாகப் போட்டவர்களுக்கு நோட்டில் நட்சத்திரம் ஒட்டினேன். ஒரு வாரம் வகுப்பு களைகட்டியது. இப்போது கணக்கைத் தொடுவதற்கு முன்பே "இதுக்கு எத்தனை ஸ்டார் டீச்சர்?" என்று கேட்கிறார்கள்.

பாடக்குறிப்பில் முதல் கட்டமே 'ஊக்கப்படுத்துதல் – 5 நிமிடம்'. தினமும் அதில் என்ன எழுதுவதென்று முழிக்கிறேன். தொழில்நுட்பம் வந்தால் ஆர்வம் தானாக வரும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். எங்கே கோட்டை விடுகிறேன்?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

ஏழெட்டுப் பேர் சரியாகப் போட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி 28 பேர் எந்த இடத்தில் தடுக்கி விழுந்தார்கள் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. அது தெரியாதவரை வீடியோவும் நட்சத்திரமும் இருட்டில் எறிந்த கல்தான். ஆர்வம் முதலில் வந்து கணக்கு பின்னால் வரும் என்பது பாடக்குறிப்புப் படிவத்தின் நம்பிக்கை. வகுப்பறையில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. நேற்று வராத கணக்கு இன்று தனக்கு வந்துவிட்டது என்று அறிந்த பிள்ளைக்குத்தான் நாளைய வகுப்பின் மேல் ஒரு கண் இருக்கும்.

ஆகவே முதல் வேலை, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பது. எட்டாம் வகுப்புக்கு இது இழுக்கு என்று தோன்றினாலும் 402 − 167 என்ற கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். கரும்பலகையில் நான்கு விடைகள்: அ) 235, ஆ) 365, இ) 245, ஈ) 335.

365 என்று காட்டும் பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: 7−2, 6−0, 4−1. கடன் வாங்குதல் என்ற எண்ணமே அதற்கு உருவாகவில்லை. 245 காட்டும் பிள்ளை நூறிலிருந்து கடன் வாங்கிப் பத்தாம் இடத்தை 10 ஆக்கியது. அதிலிருந்து ஒன்றை ஒன்றாம் இடத்துக்குக் கொடுத்ததை மறந்து 10−6 போட்டுவிட்டது. 335 என்றால் கடன் கொடுத்த நூறு குறையாமல் 4 ஆகவே நிற்கிறது. மூன்றும் தப்பு, மூன்றுக்கும் மருந்து வேறு. முதல் பிள்ளைக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சி வேண்டும். கட்டை அவிழ்த்துப் பார்க்காமல் அதற்கு விளங்காது. இரண்டாவது பிள்ளைக்கு, பூஜ்ஜியத்தின் தலையில் 10 எழுதி, அதை அடித்து 9 எழுதும் பழக்கம் போதும். நான்கைந்து கணக்கில் சரியாகிவிடும். மூன்றாவது பிள்ளைக்கு விடையோடு 167-ஐக் கூட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள்: 335-ம் 167-ம் 502. தப்பை அதுவே பிடித்துவிடும். மூவரையும் உட்காரவைத்து ஒரே வீடியோவைப் போட்டால் மூவரும் "புரிஞ்சுது டீச்சர்" என்பார்கள்.

விடையை வாயால் கேட்காதீர்கள். முதல் பெஞ்சு சொன்னதை மற்றவர்கள் பாடுவார்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தபால் அட்டை அளவுக்கு வெட்டி, வெற்றுப் பக்கத்தில் அ, ஆ, இ, ஈ என்று 3 அங்குல உயரத்துக்கு எழுதுங்கள். 36 பேருக்கு 144 அட்டை. நான்கு நிறத்தில் செய்ய ஆசை வரும், வேண்டாம். நிறம் ஓரக்கண்ணில் தெரிந்துவிடும். கேள்வியை எழுதியதும் ஒரு நிமிடம் அவரவர் ரஃப் நோட்டில் தனியாகப் போடட்டும். பிறகு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் எல்லோரும் ஒரே சமயத்தில் அட்டையை நெஞ்சோடு பிடிக்க வேண்டும். தலைக்கு மேலே தூக்கினால் பின் பெஞ்சு முன் பெஞ்சைப் பார்த்து மாற்றிக்கொள்ளும்.

இதையே பிளிக்கர்ஸ் என்ற செயலியும் செய்கிறது. பிள்ளைக்கு ஒரு தாள் அட்டை. அதன் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் விடை. உங்கள் போன் கேமராவால் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தால் பெயர்வாரியாகப் பதிவாகிவிடும். பிள்ளைகளிடம் போன் இருக்கத் தேவையில்லை. அட்டையைப் பளபளவென்று லேமினேட் செய்துவிடாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா படிக்காது. என்னைக் கேட்டால், நெட் போய்விட்டாலும் கல்யாணப் பத்திரிகை வேலை செய்யும்.

தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் காழ்ப்பு ஒன்றும் இல்லை. கார்த்திக் முரளிதரனும் இன்னும் இரு பொருளியலாளர்களும் தில்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கணினி வழிக் கற்றலை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட கட்டுரையைப் படித்துப் பாருங்கள். அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் முதலில் சோதித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது நிற்கும் படியிலிருந்து கேள்வி கொடுத்தது; கூடவே சிறு குழுவாக ஆள் வைத்தும் சொல்லித்தந்தார்கள். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். பெரு நாட்டில் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்துப் பார்த்தார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் அசையவில்லை. பெட்டி இரண்டு இடத்திலும் இருந்தது, பிள்ளை நிற்கும் படியைக் கேட்டது ஓரிடத்தில் மட்டும். நம் ஊரில் 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை, அவர்கள் நிற்கும் படியைப் பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததும் இதே நினைப்பில்தான். எட்டாம் வகுப்பிலும் அரும்புகள் உண்டு. சொல்லிக்கொள்ள வெட்கப்படுவார்கள், அவ்வளவுதான்.

இனி உங்கள் வீடியோ. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பத்தியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழு 83 சதவீதம், எழுதிய குழு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதியவர்கள் 61-ல் நின்றார்கள். உங்கள் பிள்ளைகள் சொல்லும் "புரிஞ்சுது" அந்த ஐந்தாம் நிமிடத்துப் புரிதல். பொய் சொல்லவில்லை, பாவம்.

அதனால் 8 நிமிட வீடியோவை ஒரே ஓட்டமாக ஓட்டாதீர்கள். முந்தின நாள் பார்த்து, விடை திரையில் வருவதற்குச் சற்று முந்தைய நொடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: 1:20, 3:05, 5:40 என்று. அங்கே நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று ஒவ்வொருவரும் எழுதிய பிறகு ஓட்டுங்கள். இப்படிப் போனால் 8 நிமிட வீடியோ 20 நிமிடம் இழுக்கும். ஆகவே ஒரு பீரியடுக்கு 3 நிமிட வீடியோவே தாராளம். திரையில் எழுத்து ஓடும்போது அதையே நீங்களும் வாசிக்க வேண்டாம். கண்ணும் காதும் ஒரே வாக்கியத்துக்கு மல்லுக்கட்டும். ரிச்சர்ட் மேயர் என்ற கல்வி உளவியலாளர் சோதித்துச் சொன்ன விஷயம் இது. வீடியோவை வீட்டிலேயே இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோய், காலை மணி அடிக்குமுன் அந்த போர்டிலேயே ஓட்டிப் பாருங்கள். ஐப்பசி மழை தகரத்தில் விழ ஆரம்பித்தால் ஸ்பீக்கர் மூன்றாம் பெஞ்சைத் தாண்டாது. அன்றைக்கு நேராக அட்டைக்குப் போய்விடுங்கள்.

பின்னத்துக்கு உங்கள் மண்ணிலேயே சரக்கு இருக்கிறது. பழைய பின்ன வாய்பாட்டில் 'மா' என்றால் இருபதில் ஒன்று. நிலத்திலும் 20 மா ஒரு வேலி, 100 குழி ஒரு மா. தஞ்சாவூர்க் குழி 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. அப்படியானால் ஒரு மா 14,400 சதுர அடி. மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கருக்கு 360 சதுர அடிதான் குறைவு. "எங்க அப்பா ரெண்டு மா போட்டிருக்காரு" என்று பேசும் பிள்ளைகளிடம் வீடியோவில் பீட்சாவை வெட்டிக் காட்டுகிறோம்.

விதியைச் சொல்லாமல் கேளுங்கள்: கால் வேலியும், வேலியில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்ந்தால் எத்தனை மா? கால் வேலி 5 மா, ஐந்தில் ஒன்று 4 மா, ஆக 9 மா. இருபதில் ஒன்பது. இப்போது ரஃப் நோட்டுகளைப் பாருங்கள். மேலே மேலே, கீழே கீழே கூட்டி 2/9 என்று எழுதிய பிள்ளைகள் பலர் இருப்பார்கள். "தப்பு" என்று சொல்லாமல், 2/9 வேலி எத்தனை மா என்று கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். 40-ஐ 9-ஆல் வகுத்தால் நாலரை மாவுக்கும் குறைவு. கையில் இருந்த 5 மாவோடு இன்னும் 4 மா வாங்கிச் சேர்த்ததும் நிலம் நாலரை மாவாகச் சுருங்கிவிட்டது! அந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும், கோபப்படும், சண்டை போடும். நீங்கள் தேடுகிற ஊக்கம் அந்தச் சண்டையில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. முதல் இரண்டு நாள் 2, 4, 5, 10 பகுதியாக வரும் பின்னங்களோடு நில்லுங்கள். 1/3 வேலி என்று வாய்தவறிச் சொன்னால் ஆறு மா, அப்புறம் மூன்றில் இரண்டு மா... என்று மாவிலேயே சிக்கிக்கொள்வீர்கள். மூன்றாம் நாள் அதை வேண்டுமென்றே கொடுங்கள்: 1/3-ம் 1/4-ம். 20 பங்கு வேலைக்கு ஆகாது என்று அவர்களே கண்டுபிடித்து, 12 பங்காகப் போடலாமா என்பார்கள். மீச்சிறு பொது மடங்கு எதற்கு என்பது அப்போது விளங்கும்.

பெரிய எண்களுக்கும் இதே வழி. மேட்டூர் நிரம்பினால் 93.47 டி.எம்.சி.; ஒரு டி.எம்.சி. 100 கோடி கன அடி. வரத்தே இல்லாமல் வினாடிக்கு 10,000 கன அடி திறந்தால் எத்தனை நாள் வரும்? 108 நாள். பூஜ்ஜியத்தில்தான் தடுக்குவார்கள், ஒரு நாளைக்கு 86.4 கோடி கன அடி என்ற இடைவிடையை முதலில் வாங்கிவிட்டு மேலே போங்கள்.

நட்சத்திரத்துக்கு வருகிறேன். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், படம் வரையப் பிடித்த மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழு, ஓரிரு வாரம் கழித்து மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கிய குழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பரிசைவிட, முன்கூட்டிப் பேசும் பேரம்தான் வினை. வாய்பாடு ஒப்பிப்பது போன்ற, முதலிலேயே யாருக்கும் ஆசை இல்லாத வேலைக்குப் பரிசு வைத்தால் பெரிய கேடு இல்லை. கெடுவதற்கு அங்கே ஆர்வம் ஏது?

நாளைக்கே நட்சத்திரத்தை நிறுத்தினால் வகுப்பு முறுக்கிக்கொள்ளும். கையில் உள்ள தாள் தீரும்வரை ஒட்டுங்கள், ஆனால் முன்னால் அறிவிக்காமல். அதுவும் தானே திருத்திய தப்புக்கு மட்டும். பக்கத்தில் ஒரு வரி: "கடன் கொடுத்த நூறை இந்தத் தடவை குறைச்சிருக்கே." 'வெரி குட்' என்பதில் பிள்ளைக்குத் தகவல் ஒன்றும் இல்லை. தினம் 8 நோட்டு எழுதினால் ஐந்து நாளில் 36-ம் முடிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாட வீடியோ அனுப்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அப்பாவின் போன் வயலுக்குப் போய் இரவுதான் வீடு திரும்பும். அரை நிமிடக் குரல் செய்தியாக ஒரே ஒரு கேள்வி அனுப்பலாம்; அதற்கு மதிப்பெண் வைக்காதீர்கள். அட்டைக் கேள்விகளுக்குச் சாட்ஜிபிடியிடம் தப்பு விடைகள் தயாரிக்கச் சொல்வதும் நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வொரு விடைக்கும் எந்தத் தப்பு வழி என்று நீங்களே போட்டுப் பாருங்கள். சும்மா ஒரு எண்ணை இட்டு நிரப்பியிருக்கும். தொகுதி, பகுதி என்று பாடநூல் சொல்லும் சொற்களையும் மாற்றிவிடும்.

கடைசியாக அந்த ஐந்து நிமிடக் கட்டம். மறதியின் வளைவை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன் மேல் சோதித்து எழுதிவிட்டார்: படித்தது முதல் நாளிலேயே சரசரவென்று இறங்கும், இடைவெளி விட்டுத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவந்தால் இறக்கம் மெதுவாகும். அதனால் அந்தக் கட்டத்தில் ஐந்து சிறு கேள்விகள் எழுதுங்கள்: நேற்றைய பாடத்தில் இரண்டு, போன வாரத்தில் இரண்டு, போன மாதத்தில் ஒன்று. பிள்ளைகள் உள்ளே வரும்போதே அவை கரும்பலகையில் இருக்கட்டும். ஐந்து நிமிடம், நோட்டைப் புரட்டக் கூடாது, மதிப்பெண் கிடையாது, விடையை அவர்களே திருத்திக்கொள்ள வேண்டும். மழை விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் ஐந்தையும் பழைய பாடத்திலிருந்தே கேளுங்கள்.

மேற்பார்வைக்கு வரும் பேராசிரியர் 'இதில் ஊக்கப்படுத்துதல் எங்கேம்மா?' என்று ரெக்கார்டைத் திருப்பலாம். ஐந்தாவது கேள்வி அன்றைய பாடத்துக்குள் இட்டுச்செல்வதாக இருக்கட்டும். பக்கத்தில் 'முன்னறிவுச் சோதனை' என்று எழுதிவையுங்கள். அந்தச் சொல்லைப் பார்த்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார்.