சிரித்தால் கால் துவள்கிறது. மனச்சோர்வு மாத்திரை எதற்கு?

கேள்வி: வயது 31. திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன், பள்ளி ஆசிரியை. நான்கு வருடமாகப் பகலில் அடக்க முடியாத தூக்கம். வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்கி விழுந்துவிடுகிறேன், நினைவு தப்புவதில்லை. புதுச்சேரியில் தூக்கப் பரிசோதனை செய்து நார்கோலெப்ஸி, கூடவே கேட்டப்ளெக்ஸி என்றார்கள். காலையில் மோடாஃபினில் 200 மி.கி. சாப்பிடுகிறேன். தூக்கம் குறைந்தது, கால் துவள்வது குறையவில்லை. இப்போது வென்லாஃபாக்சின் 37.5 மி.கி. எழுதியிருக்கிறார் டாக்டர். மருந்துக் கடையில் ‘இது மனச்சோர்வு மாத்திரை’ என்கிறார்கள். சாப்பிடலாமா? மாலா-டி மாத்திரையும் எடுக்கிறேன்.

பதில்: தைரியமாகச் சாப்பிடுங்கள். ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது நீங்கள் கடைசியாகச் சொன்ன மாலா-டி. மோடாஃபினில் கல்லீரலைத் தூண்டி, கருத்தடை மாத்திரையிலுள்ள ஹார்மோனைச் சீக்கிரம் சிதைத்துவிடும். மாத்திரை தவறாமல் போட்டும் கரு தங்கலாம். மோடாஃபினில் சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்தினால் அதன்பின் ஒரு மாதம் வரையிலும், காப்பர்-டி அல்லது ஆணுறைதான் நம்பகமானது. கர்ப்பத்தில் மோடாஃபினில் குழந்தைக்கு ஊனம் உண்டாக்கலாம் என்ற கவலை இருப்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். நாள் தள்ளியிருந்தால் இன்றே சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.

இனி உங்கள் கேள்வி. மூளையில் விழிப்பைக் காக்கும் ஓரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் அழிந்துபோவதால் வரும் நோய்தான் நார்கோலெப்ஸி. கனவு காணும் தூக்கத்தில் நம் தசைகள் தாமாகவே தளர்ந்து கிடக்கும். அந்தத் தளர்ச்சி, விழித்திருக்கும்போது சிரிப்பிலோ கோபத்திலோ வந்து நுழைவதுதான் கேட்டப்ளெக்ஸி. மோடாஃபினில் விழிப்பை மட்டும் கூட்டும். இதை அது தொடாது. கனவுத் தூக்கத்தை அடக்கும் வேலையை வென்லாஃபாக்சின் செய்கிறது. உங்களுக்கு மனச்சோர்வு என்று யாரும் முடிவு கட்டவில்லை. மனச்சோர்வுக்குப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். கால் துவள்வது பெரும்பாலும் சில நாட்களிலேயே குறையும்.

நீண்ட நேரம் வேலை செய்யும் கேப்சூலாகக் கொடுத்திருந்தால் மெல்லாமல், பிரிக்காமல், காலை உணவோடு விழுங்குங்கள். முதல் வாரம் குமட்டல், வியர்வை, வாய் வறட்சி வரலாம், தானே அடங்கும். தேவைப்பட்டால் 75, பிறகு 150 என்று டாக்டர் ஏற்றுவார். இரண்டு மருந்துமே ரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை. ஒவ்வொரு முறை அளவு ஏற்றும்போதும் பி.பி. பாருங்கள்.

வென்லாஃபாக்சினைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. இரண்டு நாள் விட்டாலே தலைசுற்றல், உடம்பில் ஷாக் அடித்தாற்போன்ற உணர்வு வரும். அடக்கி வைத்த கேட்டப்ளெக்ஸி முன்பைவிட மோசமாகத் திரும்பி, ஒன்று முடியும் முன் அடுத்தது என்று மணிக்கணக்கில் நீளவும் கூடும். தானே, ஃபெஞ்சல் புயல்களைப் பார்த்த ஊர் நம்முடையது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரண்டு வார மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும்.

மோடாஃபினில் போட்டும் பிற்பகலில் கண் செருகினால், 200-ஐ காலை 100, மதியம் 100 என்று பிரிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மதியம் ஒரு மணிக்குமேல் போட்டால் இரவுத் தூக்கம் கெடும். சாப்பாட்டு இடைவேளையில் 15 முதல் 20 நிமிடத் தூக்கம் மருந்துக்கு நல்ல துணை. தலைமையாசிரியரிடம் சான்றிதழைக் காட்டி அனுமதி வாங்கிவிடுங்கள். தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் சேர்ந்து வந்தால் மோடாஃபினிலை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சளி, அரிப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் பல தூக்கத்தைக் கூட்டும். வலிக்கு ட்ரமடால், இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் ஆகியவை வென்லாஃபாக்சினோடு சேரக் கூடாதவை. சீட்டைக் காட்டாமல் எதையும் வாங்காதீர்கள்.

கால் துவளும்போது வீட்டார் வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவி திணிப்பதும், முகத்தில் தண்ணீர் அடிப்பதும் வேண்டாம். தலை இடிபடாமல் பிடித்தால் போதும். பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் சரியாகிவிடும். நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். நோய் கட்டுக்குள் வந்ததாக டாக்டர் சொல்லும்வரை ஸ்கூட்டி ஓட்டுவதும், தேவனாம்பட்டினம் கடலில் இறங்குவதும் கூடாது.

தினமும் எத்தனை முறை துவண்டது என்று காலண்டரில் குறித்து வாருங்கள். 150 மி.கி.யிலும் நிற்கவில்லை என்றால் குளோமிப்ரமின், பிடோலிசன்ட், இரவில் இரண்டு தவணையாகக் குடிக்கும் சோடியம் ஆக்ஸிபேட் என்று வேறு வழிகள் உண்டு. ஜிப்மர் நரம்பியல் பிரிவுக்குப் போவதானால் அந்தக் காலண்டரையும் தூக்கப் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள்.