10யூ போனதும் பொண்ணுங்க ஏன் சாஃப்ட்பால விட்டுடறாங்க?

கேள்வி: அமெரிக்காவுல இருக்கோம், பொண்ணுக்கு 9 வயசு. ரெண்டு வருஷமா சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி ஆட்டம்) ஆசையா ஆடுனா. போன சீசன் 10யூ (10 வயசு வரைக்கும் உள்ள பிரிவு) போனதுல இருந்து இனிமே வேண்டாம்னு அடம் பிடிக்கறா. பழைய டீம்லயும் பாதிப் பேர் நின்னுட்டாங்க. விட்டுடலாமா, இல்ல கொஞ்சம் வற்புறுத்தலாமா?

பதில்:

வற்புறுத்தவும் வேண்டாம், இப்பவே விடவும் வேண்டாம். இன்னும் ஒரே ஒரு சீசன் ஆடிப் பாக்கறியான்னு மட்டும் கேளுங்க. ஏன் ஒரு சீசன்னு சொல்றேன்னா அதுக்குக் காரணம் இருக்கு, கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

நாங்க ஒஹையோல இருக்கோம். என் பொண்ணு 2017ல ஹெல்மெட்டக் கூட சரியா மாட்டத் தெரியாம ஆரம்பிச்சா, இப்போ ஹைஸ்கூல்ல செகண்ட் பேஸ் ஆடறா. 2021ல டீமுக்கு கோச் யாரும் கிடைக்கலன்னு லீக்ல இருந்து மெயில் மேல மெயில் வந்துச்சு, நான்தான் போய் பேர் குடுத்தேன், நாலு வருஷம் பாத்தேன். இந்த நாலு வருஷத்துல நான் கண்ணால பாத்தது ஒண்ணு தான், ஆட்டம் பிடிக்காம போன பொண்ணுங்க ரொம்பக் கம்மி. போனவங்கள்ல முக்கால்வாசிப் பேர் புதுப் பிரிவோட முதல் வருஷத்துல போனவங்க.

இங்க 8யூ, 10யூ, 12யூ, 14யூன்னு ரெண்டு ரெண்டு வயசா பிரிச்சு வெச்சிருக்காங்க இல்லையா. அப்படின்னா ஒரு பொண்ணு ஒரு வருஷம் டீம்லயே சின்னவ, அடுத்த வருஷம் பெரியவ, அதுக்கடுத்த வருஷம் மறுபடியும் சின்னவ. நம்ம ஊர்ல அஞ்சாங்கிளாஸ்ல லீடரா இருந்த பிள்ளை ஆறாங்கிளாஸுக்கு வேற ஸ்கூல் போய் ஓரமா நிக்குமே, அது இங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குது. அதுவும் 9 வயசுல ரெண்டு வயசு வித்தியாசம்னா சாதாரணம் இல்ல, ஒருத்தி தோள் உயரத்துக்குத்தான் இன்னொருத்தி இருப்பா.

சின்னவளா ஆகறது மட்டும்னா கூட சமாளிச்சுடுவாங்க, அதே வருஷத்துல ஆட்டமே மாறிடுது. 8யூ-ல பந்து போடறது கோச், இல்லன்னா மெஷின். அடிக்கற மாதிரி பாத்து, மெதுவா, நடுவுல போடுவாங்க. 10யூ-ல 35 அடி தூரத்துல இருந்து இன்னொரு பொண்ணு போடறா, அவளும் கைய சுத்திப் போட அந்தக் குளிர்காலத்துல தான் கத்துக்கிட்டு வந்திருப்பா, பாவம் அவளுக்கே பந்து எங்க போகும்னு தெரியாது. தலைக்கு மேல ஒண்ணு, கால்கிட்ட ஒண்ணு, இப்படித் தப்பா வர்ற பந்துக்குப் பேரு 'பால்', நாலு பால் ஆனதும் வாக், அதாவது அடிக்காமயே முதல் பேஸுக்கு நடந்து போயிடலாம், அடுத்தவளும் வாக், இப்படியே ஒரு இன்னிங்ஸ் முழுக்க யாரும் பேட்ட வீசாமயே ரன் வந்துட்டு இருக்கும், ஃபீல்டுல நிக்கற பிள்ளைங்க புல்லப் பிடுங்கிட்டு இருப்பாங்க. நடுவுல ஒரு பந்து யார் முழங்கையிலயாவது பட்டுடும். பேரு தான் சாஃப்ட்பால், பந்து கல்லு மாதிரி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

என் பொண்ணுக்கு 2019 ஏப்ரல்ல பட்டுச்சு. அதுக்கப்பறம் பந்து வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு அடி பின்னாடி போயிடுவா. அந்த வருஷக் கோச் அவள சீசன் முழுக்க ரைட் ஃபீல்டுலயும் (பந்து அதிகமா வராத ஓரம்) பேட்டிங்ல கடைசியிலயும் தான் போட்டாரு, பிட்சர் (பந்து போடறவ) அவரோட பொண்ணு, ஷார்ட்ஸ்டாப் அவர் ஃப்ரெண்டோட பொண்ணு. திட்டல, கத்தல, நல்ல மனுஷன் தான். ஆனா முதல் வருஷப் பிள்ளைங்க அஞ்சு பேரும் பன்னெண்டு மேட்ச்ல ஒரு தடவை கூட இன்ஃபீல்டுல, அதாவது பேஸ்களுக்குப் பக்கத்துல பந்து அதிகமா வர்ற இடத்துல, நிக்கல. அந்த அஞ்சுல மூணு பேர் அதோட சரி. எனக்கு அது இன்னிக்கும் மனசுல இருக்கு.

இதுல பிறந்த தேதி வேற. அப்போ எங்க லீக்ல ஜனவரி 1 தான் வயசுக் கணக்கு. என் பொண்ணு 2009 நவம்பர். அவ கிளாஸ்மேட் பாதிப் பேர் 2010. அதனால 2019ல இவ 10யூ, அவ கிளாஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்திருந்த பொண்ணு 8யூ. லஞ்ச் டேபிள்ல ஒண்ணா இருக்கற பிள்ளைங்கள கிரவுண்டுல பிரிச்சுட்டா எப்படி? அப்பறம் 2023ல தான் செப்டம்பர் 1ன்னு மாத்துனாங்க, ஸ்கூல் வருஷத்தோட ஓரளவு ஒத்துப்போச்சு. என்னைக் கேட்டா அத விட நல்ல மாற்றம் வேற எதுவும் இல்ல, ஏன்னா இந்த வயசுல பொண்ணுங்க ஆட்டத்துக்கு வர்றதுல பாதிக் காரணம் ஃப்ரெண்டு. டக்அவுட்ல சேந்து பாட்டுப் பாடறதும் பின்னல் போட்டுக்கறதும் தான் அவங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஸ்கோர் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

2020 வந்துச்சு, கொரோனா, அந்த வசந்த சீசனே நடக்கல. இதத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன், அந்த வயசுப் பிள்ளைங்க இழந்தது வெறும் ஒரு வருஷம் இல்ல, பெரியவளா இருக்க வேண்டிய வருஷத்த இழந்தாங்க. 10யூ-ல அடி வாங்குன முதல் வருஷத்துல இருந்து நேரா 12யூ முதல் வருஷத்துக்கு வந்து நின்னாங்க. அங்க பந்து 11 இஞ்ச்ல இருந்து 12 இஞ்ச் ஆயிடும், சுத்தளவச் சொல்றேன், எடையும் கூடும், பிட்சிங் தூரம் 40 அடி. சின்னக் கை இருக்கற பொண்ணு அந்தப் பந்த விரலால பிடிக்கவே முடியாது, உள்ளங்கைல வெச்சு தள்ளுவா. 2019 டீம்ல இருந்த 12 பேர்ல 2021ல திரும்பி வந்தது 5 பேர். நான் கோச்சா போனது அந்த அஞ்சு பேருக்கும் புதுசா வந்தவங்களுக்கும் தான்.

14யூ-ல காரணம் வேற. அங்க மிடில் ஸ்கூல், பீரியட்ஸ், வெள்ளை பேன்ட். ஆமா, வெள்ளை பேன்ட். ரெண்டு மணி நேரம் மண்ணுல சறுக்கி விழுந்து ஆடற ஆட்டத்துக்கு வெள்ளை பேன்ட் யூனிஃபார்ம்னு யாரு முடிவு பண்ணாங்களோ. ஒரு பொண்ணு மாசத்துக்கு ஒரு வாரம் வயித்து வலின்னு சொல்லி வரவே மாட்டா, அவ அம்மாகிட்ட மெதுவா பேசுனப்பறம் தான் எனக்கே புரிஞ்சுச்சு. அடுத்த சீசன் கறுப்பு பேன்ட் ஆர்டர் பண்ணோம், அவ ஒரு மேட்ச் விடல. 14 வயசுக்குள்ள பொண்ணுங்க பையன்கள விட ரெண்டு மடங்கு வேகத்துல விளையாட்ட விடறாங்கன்னு விமன்ஸ் ஸ்போர்ட்ஸ் ஃபவுண்டேஷன் ரொம்ப வருஷமா சொல்லிட்டு இருக்கு. அதுக்குள்ள இந்த மாதிரி கறுப்பு பேன்ட் விஷயம் எத்தன இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

டிராவல் பால் (நல்லா ஆடறவங்கள மட்டும் எடுத்து ஊர் ஊரா போய் ஆடற டீம்கள்) பத்தியும் சொல்லணும். 10 வயசுலயே நல்லா ஆடற நாலு பேர அந்த டீம்கள் கூட்டிட்டுப் போயிடும், மிச்சம் இருக்கற ஊர் டீம்ல பிட்சரே இருக்க மாட்டா, அப்பறம் வாக் மேல வாக், அதப் பாத்து இன்னும் நாலு பேர் போவாங்க. காலேஜ் ஸ்காலர்ஷிப் ஆசை தான் எல்லாம். டிவிஷன் 1ல (காலேஜ் விளையாட்டோட மேல் மட்டம்) ஒரு டீமுக்கு ரொம்ப வருஷமா 12 ஸ்காலர்ஷிப் தான் இருந்துச்சு, அதையும் பிரிச்சுப் பிரிச்சுக் குடுப்பாங்க. காலேஜ் கோச்சுங்க பதினோராங்கிளாஸ் செப்டம்பர் 1க்கு முன்னாடி பிள்ளைங்ககிட்ட பேசவே கூடாதுன்னு 2018ல ரூல் வந்தாச்சு. அப்போ 10 வயசுல என்ன அவசரம்னு எனக்குப் புரியல. உங்க பொண்ணுக்கே ஆசை இருந்தா 12யூ-க்கு அப்பறம் பாத்துக்கலாம்.

சரி, உங்க பொண்ணுக்கு என்ன பண்ணலாம். அவ இப்போ முதல் வருஷம் முடிச்சிருக்கா, அப்போ அடுத்தது அவ பெரியவளா இருக்கற வருஷம். கஷ்டமான பாதிய முடிச்சுட்டு நல்ல பாதிய ஆடாம விடறது எனக்கு மனசு கேக்கல, அதான் ஒரு சீசன்னு சொன்னேன். பயம் பந்து மேலயான்னு முதல்ல கேளுங்க, நேரடியா கேட்டா சொல்ல மாட்டா, கார்ல வரும்போது கேளுங்க. ஆமான்னா வீட்டுப் பின்னாடி டென்னிஸ் பால் வெச்சு அவ மேலயே படற மாதிரி மெதுவா போட்டு, முதுக பிட்சர் பக்கம் திருப்பி நாடிய தோளுக்குள்ள இறக்கப் பழக்குங்க, ஓடிப் போகாம அங்கயே திரும்பணும். நான் என் டீமுக்கு முதல் ரெண்டு வாரம் இது மட்டும் தான் சொல்லிக்குடுப்பேன், பட்டா என்ன ஆகும்னு தெரிஞ்ச பிள்ளை பேட்ட நல்லா வீசும்.

ரிஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம்ல ஃப்ரெண்டு பேர் கேக்கற கட்டம் இருந்தா காலியா விடாதீங்க, அந்த ஃப்ரெண்டோட அம்மாகிட்டயும் பேசி அவங்களையும் உங்க பொண்ணு பேர எழுதச் சொல்லுங்க. லீக்ல ஃபால் சீசன் இருந்தா அதுல சேருங்க, அங்க ஜெயிக்கறதப் பத்தி யாரும் பெருசா கவலப்பட மாட்டாங்க. கோச்கிட்ட சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு கேள்வி கேளுங்க, ஒவ்வொரு பொண்ணும் மேட்ச்ல ரெண்டு இன்னிங்ஸாவது இன்ஃபீல்டுல நிப்பாளான்னு. தயங்குனாருன்னா வேற டீம் கேக்கலாம், இல்ல நீங்களே உதவிக் கோச்சா பேர் குடுக்கலாம். எனக்கு கிரிக்கெட் தவிர ஒண்ணும் தெரியாது, ரூல் புக்க சமையல் பண்ணிட்டே படிச்சேன், ஒரு மாசத்துல பிடிபட்டுடுச்சு. நாலு பால் ஆனதும் வாக் குடுக்காம கோச் வந்து மிச்சப் பந்த போடற ரூல 10யூ-ல முதல் மாசம் வைக்கலாமான்னு லீக் மீட்டிங்ல கேட்டோம், ஒத்துக்கிட்டாங்க, உங்க ஊர்லயும் கேட்டுப் பாருங்க.

அந்த சீசனும் முடிஞ்சு அப்பவும் வேண்டாம்னா விட்டுடுங்க, நீச்சலோ பரதமோ அவளுக்குப் பிடிச்சதுக்குப் போகட்டும். ஆனா பேட்டையும் கிளவையும் யாருக்கும் குடுத்துடாதீங்க. 2019ல என் பொண்ணோட ரைட் ஃபீல்டுல மாறி மாறி நின்ன ஒரு பொண்ணு 12யூ ரெண்டு வருஷமும் வரல, 2023ல 14யூ-க்கு என் பொண்ணு தான் மெசேஜ் பண்ணிக் கூப்பிட்டா. முதல் ப்ராக்டீஸுக்கு அதே பழைய ஊதா கலர் கிளவோட வந்தா, விரல் உள்ளயே போகல, என் கிளவக் கழட்டிக் குடுத்தேன். அந்த சீசன் எங்களுக்கு கேட்சர் அவ தான்.