கிரேக்க ஜாடி பத்தி நீங்க கேட்டது

கேள்விகள் நிறைய சேந்துடுச்சு, ஒரே மாதிரி வந்ததை எல்லாம் ஒண்ணாக்கி பதில் போடறேன்.

கறுப்பு உருவ பாணி, சிவப்பு உருவ பாணி, பாத்ததும் எப்படி கண்டுபிடிக்கறது?

ஆளு கறுப்பா இருந்தா முதல் வகை, சுத்தி எல்லாம் கறுப்பா இருந்து ஆளு மண் நிறத்துல இருந்தா ரெண்டாவது, அவ்ளோதான். ஆனா அதோட நிறுத்தாதீங்க, கிட்ட போய் பாருங்க. கறுப்பு உருவத்துல கண்ணு, தாடி, துணி மடிப்பு எல்லாமே கூர்முனையால கீறினது, கீறின இடத்துல அடியில இருக்கற மண்ணு தெரியும். சிவப்பு உருவத்துல பெரும்பாலும் வரைஞ்ச கோடுதான், அதுலயும் முக்கியமான கோடெல்லாம் லேசா மேடா நிக்கும், வெளிச்சம் சாய்வா விழுந்தா பளிச்னு தெரியும். கறுப்பு உருவம் கொரிந்துங்கற கிரேக்க நகரத்துல கி.மு. 700 வாக்குல ஆரம்பிச்சது, அப்புறம் ஏதென்ஸ்காரங்க எடுத்துக்கிட்டாங்க, சிவப்பு உருவம் ஏதென்ஸ்லயே கி.மு. 525 வாக்குல வந்துச்சு. மாறற காலத்துல ரெண்டையும் ஒரே ஜாடில போட்டு பாத்திருக்காங்க. மியூனிக்ல ஒரு ஆம்ஃபோரா (ரெண்டு கைப்பிடி வெச்ச ஜாடி) இருக்கு, கிரேக்க புராண வீரன் ஹெராக்ளிஸ் சாஞ்சு படுத்து விருந்து சாப்பிடற அதே காட்சி ஒரு பக்கம் கறுப்புல, மறுபக்கம் சிவப்புல.

அந்தக் கறுப்பு என்ன பெயிண்ட்? ரெண்டாயிரத்து ஐநூறு வருஷமாகியும் போகலையே?

பெயிண்டே இல்லைங்க, அதுவும் களிமண்தான்! மண்ணை தண்ணில கரைச்சு, கனமான துகளெல்லாம் அடில தங்கினதும் மேல நிக்கற நைசான வண்டலை எடுத்து பூசறாங்க. மிச்சத்தை சூளை பாத்துக்கும். முதல்ல காத்து விட்டு சுடுவாங்க, ஜாடி மொத்தமும் சிவக்கும். அப்புறம் காத்துத் துளையை அடைச்சு பச்சை விறகு போட்டு புகைய விட்டா மொத்தமும் கறுத்துடும், கிட்டத்தட்ட 900 டிகிரி சூட்டுல அந்த நைஸ் வண்டல் பூசின இடம் மட்டும் கண்ணாடி மாதிரி இறுகிடும். கடைசில திரும்ப காத்து விட்டா, பூசாத இடம் ஆக்சிஜனை இழுத்து மறுபடி சிவக்கும், இறுகின இடத்துக்குள்ள காத்து போகாது, அதனால கறுப்பாவே நின்னுடும். எல்லாம் ஒரே சூளைல, ஒரே தடவைல. கணக்கு தப்பினா கறுப்பு இருக்க வேண்டிய இடத்துல செந்திட்டு விழும், மியூசியத்துல அந்த மாதிரி ஜாடிகளும் இருக்கு, எனக்கு அதுங்கதான் ரொம்பப் பிடிக்கும்.

எதுக்கு இத்தனை வடிவம்?

ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. ஹைட்ரியா தண்ணிக் குடம், மூணு கைப்பிடி, பக்கத்துல இருக்கற ரெண்டு தூக்க, பின்னாடி இருக்கற ஒண்ணு ஊத்த. கிரேட்டர் அகல வாய் பாத்திரம், ஒயின்ல தண்ணி கலக்க, ஏன்னா கலக்காம குடிக்கறவன் காட்டான்னு அவங்களுக்கு நெனப்பு. கைலிக்ஸ் தட்டையான குடி கிண்ணம், உள்ள அடில ஒரு படம் இருக்கும், ஒயின் குறையக் குறையத்தான் அது தெரியும். சிலதுல வெளிப்பக்கம் பெரிய ரெண்டு கண்ணு வரைஞ்சிருப்பாங்க, தூக்கிக் குடிச்சா எதிர்ல இருக்கறவனுக்கு முகமூடி போட்ட மாதிரி இருக்கும். அடில மிஞ்சின ஒயினை குறி பாத்து சுண்டி அடிக்கற கொட்டபோஸ்னு ஒரு விளையாட்டு வேற, வீட்டை கழுவினது யாரோ பாவம்.

வெள்ளையா, ஒல்லியா இருக்கே ஒண்ணு?

லெகிதோஸ், எண்ணெய்க் குடுவை. வெள்ளைப் பூச்சும் அது மேல போட்ட கலரும் சீக்கிரம் உதிரும், அதனால தினசரி புழக்கத்துக்கு லாயக்கில்லை, பெரும்பாலும் கல்லறைல வெக்கத்தான். சிலதுக்குள்ள குட்டியா இன்னொரு கிண்ணம் ஒட்டியிருக்கும், கொஞ்சூண்டு எண்ணெய் ஊத்தினாலே கழுத்து வரை நிறைஞ்ச மாதிரி தெரியும். செத்தவங்க கிட்டயும் சிக்கனம்!

வரைஞ்சவங்க பேர் தெரியுமா?

சில பேர் கையெழுத்து போட்டிருக்காங்க. எக்சேகியாஸ் வனைஞ்சதும் நானே வரைஞ்சதும் நானேன்னு எழுதி வெச்சிருக்கார். வத்திகன்ல இருக்கற அவரோட ஆம்ஃபோராவுல ட்ராய் போர்க் கதை வீரங்க அக்கிலிஸும் அஜாக்ஸும் ஈட்டியை கைல பிடிச்சபடியே தாயம் மாதிரி ஏதோ ஆடறாங்க, ஒருத்தர் வாய் பக்கத்துல நாலு, இன்னொருத்தர் கிட்ட மூணுன்னு எழுதியிருக்கு. யூதிமிடிஸ்னு ஒருத்தர் தன் ஜாடில, யூஃப்ரோனியோஸால இப்படி ஒருநாளும் முடியாதுன்னு போட்டி ஓவியரை வம்புக்கு இழுத்திருக்கார். ஆனா பெரும்பாலானதுல பேரே கிடையாது. காது, கணுக்கால், துணி மடிப்பு போடற விதத்தை வெச்சு ஜான் பீஸ்லிங்கற ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் எது எந்த ஓவியர் கைவேலைன்னு பிரிச்சு, பெர்லின் ஓவியர்ங்கற மாதிரி அவரே பேரும் வெச்சார்.

ஏதென்ஸ் ஜாடி இத்தாலில ஏன் அவ்ளோ கிடைக்குது?

ரோமுக்கு முன்னாடி இத்தாலில வாழ்ந்த எட்ரஸ்கன் ஆளுங்க வாங்கி கல்லறைல வெச்சாங்க, கல்லறைக்குள்ள இருந்ததால முழுசா தப்பிச்சுது. வீட்ல இருந்ததெல்லாம் உடைஞ்சு ஓடாப் போச்சு.

அரிக்கமேட்டுல கிடைச்ச ஆம்ஃபோராவும் இதுதானா?

பேர்தான் ஒண்ணு. ஏதென்ஸ்ல படம் போட்ட ஜாடி கி.மு. 4ஆம் நூற்றாண்டு கடைசிலயே பெரும்பாலும் நின்னு போச்சு. 1945ல தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டின அரிக்கமேட்டு ஓடுகள் அதுக்கு ரொம்ப பிந்தி, ரோம் வியாபார காலத்தைச் சேர்ந்தது, ஒயினும் எண்ணெயும் கப்பல்ல ஏத்தின, படமே இல்லாத சரக்கு ஜாடிங்க. ஆனா அதுலயும் கிரேக்க வாடை உண்டு, கோஸ் தீவு பாணி ஒயின் ஜாடி ஓடும் அங்க கிடைச்சிருக்கு. ரெண்டு மண் உருளையை ஒட்டி வெச்சாப்ல கைப்பிடி இருந்தா அந்த ரகம்னு சந்தேகப்படலாம்.