சுவரில் ஒட்டிய டிக்கின்சோனியா

அன்புள்ள ஐயா,
மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்கா குகையில், டிக்கின்சோனியா என்ற ஆதிகாலத் தட்டை ஜீவனின் 55 கோடி வருஷத்துப் புதைபடிவம் கிடைத்தது என்று 2021-ல் படித்து, பையனுக்கு சார்ட்டில் வரைந்து கொடுத்தேன். இப்போது அது வெறும் தேனடையாம். குஜராத்தின் கட்ச்சில் எலும்பு கிடைத்த, அழிந்துபோன வாசுகிப் பாம்பு 15 மீட்டர் என்பதாவது நிஜமா? விஞ்ஞானிகளை எப்படி நம்புவது?
ரேவதி, மயூர் விஹார், டெல்லி

அன்புள்ள ரேவதி,

பாம்பை முதலில் அனுப்பிவிடுவோம். கிடைத்தவை 27 முள்ளெலும்புகள். நீளம் அவற்றின் அகலத்தை வைத்துப் போட்ட கணக்கு. 11-லிருந்து 15 மீட்டர் வரை என்றுதான் எழுதினார்கள். பத்திரிகைகள் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டன, நீங்களும்தான்.

எப்படி நம்புவதாம்! தேனடை என்று கண்டுபிடித்தது ஜோசியரா? புவியியலாளர் ஜோசஃப் மீர்ட்டின் குழு குகைக்கே போய்ப் பார்த்து எழுதியது. டிக்கின்சோனியா என்று முதலில் அறிவித்த விஞ்ஞானி ரீடலாக், 2023-ல் தன் தவறை ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையைப் பையனுக்குச் சொன்னீர்களா?

சரி, கோபம் போதும். கல்லில் எதைப் பார்த்தாலும் முதல் கேள்வி திசை. மணல் படுக்கையாகத்தான் படியும். அதன்மேல் செத்து விழுந்த தட்டை ஜீவன் கல்லில் வார்த்த தோசை மாதிரி கிடக்கும். பீம்பேட்காவில் அச்சு இருந்தால் தரையிலோ விதானத்திலோதான் தெரியவேண்டும். இதுவோ சுவரில், ஏறக்குறைய செங்குத்தாக இருந்தது. அங்கேயே சந்தேகம் வந்திருக்கவேண்டும். அடுத்தது, உரிதல். பாறையோடு பாறையான அச்சு சில வருஷத்தில் பெயர்ந்து வராது. இது பெயர்ந்து வந்தது. மலைத்தேனீ பாறைச் சரிவில் ஒற்றை அடைதான் கட்டும். தேனீக்கள் போனபின் மெழுகுத் தடம் மிஞ்சும். அது பாதி உதிர்ந்து, விலா விலாவாகப் பிரிந்த உடல் போலக் கண்ணை ஏமாற்றியிருக்கிறது.

ரீடலாக் குழுவின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பீம்பேட்கா உலகப் பாரம்பரியச் சின்னம். உளி வைக்க முடியாது. ஆனால் அந்த ஒற்றை அடையை நம்பி மொத்தப் பாறைக்கும் 55 கோடி என்று வயது போட்டார்களே, அதுதான் பொறுக்கவில்லை. வயதைக் கணிக்க உதவும் சிர்கான் என்ற கனிம மணிகளையும், பாறையில் பதிந்த பழைய காந்தத் திசையையும் வைத்து மீர்ட் சுமார் 100 கோடி என்று முன்பே சொல்லியிருந்தார்.

பையனைச் செங்கோட்டைக்குக் கூட்டிப்போங்கள். பீம்பேட்கா பாறையைப் போல அதன் சிவப்புக் கல்லும் விந்திய மணற்கல்தான். சாய்ந்த வெயிலில் பாருங்கள், உச்சி வெயிலில் மேடுபள்ளம் தெரியாது. மணல் படிந்த வரிகளை விரலால் தொடரட்டும். ஒன்று மட்டும் கவனம்: மதில் கல்லைக் கொத்தனார் தன் வசதிக்குத் திருப்பி வைத்திருப்பார், அதில் மேல் கீழ் தேடவேண்டாம். கல் கடையில் ‘பெரணிப் படிவம்’ என்று கறுப்புக் கிளை காட்டினால், நடுநரம்பு இருக்கிறதா என்று பையனே கேட்கட்டும். இல்லையென்றால் அது விரிசலில் ஊறிய மாங்கனீசுக் கறை.

சார்ட்டைக் கிழிக்காதீர்கள் அம்மா. டிக்கின்சோனியாவுக்குப் பக்கத்தில் தேனடையையும் வரைந்து, மணல் படுக்கை எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள்.