ஹ்யூகனாட் செமினரி மாணவிகள் பாத்திரம் கழுவியது எதற்காக?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில், வெலிங்டனில் இருந்த ஹ்யூகனாட் செமினரியில் மாணவிகளே பாத்திரம் கழுவி, வீடு பெருக்கினார்களாமே? நல்ல மனைவியாக்கும் பயிற்சிதானே அது?

வேலை செய்தது உண்மை. காரணம் அதுவல்ல.

முதலில், செமினரி என்றதும் பாதிரியார் பயிற்சி என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பெண்களின் உயர்கல்விக்கூடத்துக்கும் அதுவே பெயர். 1874இல் இதைத் தொடங்கிய பாதிரியார் ஆன்ட்ரூ மரே, அமெரிக்கக் கல்வியாளர் மேரி லயனின் வாழ்க்கை வரலாற்றைப் படித்துவிட்டு அமெரிக்காவிலிருந்து ஆசிரியை வரவழைத்தார். வந்த அபி ஃபெர்குசன், அன்னா பிளிஸ் இருவருமே லயன் அமெரிக்காவில் தொடங்கிய மவுண்ட் ஹோலியோக் பெண்கள் செமினரியில் படித்தவர்கள். அங்கிருந்த நடைமுறையைத்தான் வெலிங்டனுக்குக் கொண்டுவந்தார்கள்.

1837இல் மவுண்ட் ஹோலியோக் திறந்தபோது சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 60 டாலர். வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுத்தால் அந்தக் கணக்கு கட்டாது. எளிய குடும்பத்துப் பெண் படிக்க வரமுடியாது. அதனால் ஒவ்வொருத்திக்கும் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேர வேலை. வீட்டு வேலை பழக்குவது தாயின் பொறுப்பு, கல்விக்கூடத்தின் பொறுப்பல்ல என்பதில் லயன் உறுதியாக இருந்தார்.

டர்பன் கோயில்களில் காவடியன்று ஒரு கூட்டம் காய் நறுக்கும், இன்னொன்று அண்டா தேய்க்கும் அல்லவா? மவுண்ட் ஹோலியோக்கிலும் குழு பிரித்து, குழுவுக்கு ஒரு தலைவி. ஒருத்தி பங்கு மிகச் சிறியது. 1847–48இல் படித்த கவிஞர் எமிலி டிக்கின்சனுக்குக் கத்தி வேலை: காலையும் மதியமும் முதல் வரிசை மேசைகளின் கத்திகளை எடுத்துச்செல்வது, இரவில் அதே அளவு கத்திகளைக் கழுவித் துடைப்பது. அவ்வளவே. சுமை யார் தலையிலும் விழாது. ஆனால் ஒருத்தி தவறினால் அடுத்த வேளைக்கு மேசை தயாராகாது. நாள் முழுவதும் மணியடித்து நடத்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேலை தவிர, அங்கே தினமும் ஒரு மைல் நடையும் கட்டாயமாக இருந்தது. விதி மீறினால் தானே எழுந்து சொல்லவேண்டியிருந்தது. 1838 முதல் இலையுதிர் காலத்தில் ஒருநாள் வகுப்பை விட்டு மலையேறும் வழக்கமும் உண்டு, இன்றும் தொடர்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஹ்யூகனாட் வெள்ளைக் குடும்பத்துப் பெண்களுக்கானது. நேட்டாலில், ஃபீனிக்ஸுக்கு அருகே 1869இல் மேரி எட்வர்ட்ஸ் தலைமையில் திறந்த இனாண்டா செமினரி ஆப்பிரிக்கப் பெண்களுக்கானது. இந்தியரான நம்மவர் 1860இலேயே நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் இவ்விரண்டுமே நம் பெண்களை மனத்தில் வைத்துக் கட்டியவை அல்ல.