3 கிலோவாட் சோலாருக்கு எவ்வளவு பேட்டரி போதும்?

நண்பரே, மாடியில் 3 கிலோவாட் ஆன்-கிரிட் (மின்வாரிய லைனோடு இணைந்த) சோலார் இருந்தும் கரண்ட் போனால் வீடே நின்றுவிடுகிறது, டீலர் 10 யூனிட் மின்சாரம் (10 கிலோவாட்-மணி) சேமிக்கும் லித்தியம் பேட்டரி போடச் சொல்கிறார், கலிஃபோர்னியா தீ விபத்துச் செய்தியைப் பார்த்த அம்மா வேண்டாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

அம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் 2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் மின்சாரச் சேமிப்பு நிலையத்தில் எரிந்தவை நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் வகை லித்தியம் செல்கள். அதுவும் பழைய மின்நிலையக் கட்டடத்துக்குள் அடுக்கி வைத்திருந்தார்கள். இப்போது புதிதாக வரும் சேமிப்பு நிலையங்கள் பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு (எல்எஃப்பி) மாறிவிட்டன. திறந்தவெளியில், தனித்தனி கன்டெய்னர்களில், இடைவெளி விட்டு வைக்கிறார்கள். வீட்டுக்கும் எல்எஃப்பியே கேளுங்கள். சூடேறினாலும் அவ்வளவு சீக்கிரம் கைமீறிப் போகாது. எரியவே எரியாது என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். படுக்கையறையில் வேண்டாம், மாடிப்படிக்கு அடியிலும் வேண்டாம். வெயில் படாத, காற்றோட்டமான இடமாகப் பாருங்கள்.

அளவு விஷயத்தில் டீலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நீங்கள் சொன்ன மூன்று ஃபேன், நான்கு எல்இடி, ஃபிரிட்ஜ், வைஃபை எல்லாம் சேர்ந்து சராசரியாக 400 வாட் வரும். நான்கு மணி நேரத்துக்கு 1.6 யூனிட். 5 யூனிட் பேட்டரியே தாராளம். ஏசியும் ஓட வேண்டுமென்றால் கணக்கு வேறு.

முக்கியமாக, பேட்டரியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். உங்கள் சோலார் மின்சாரம் லைனுக்குள் போய், அங்கே வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, கரண்ட் போனதும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். அதனால், கரண்ட் இல்லாதபோதும் சோலாரையும் பேட்டரியையும் வைத்து வீட்டை ஓட்டும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் தேவைப்படும். டீலர் சொன்ன விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.