நோஞ்சான் குஞ்சுக்கு முதல் மருந்து சூடு

எங்கள் அடைக்கோழி பொரித்த 11 குஞ்சுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றில் பாதிதான் இருக்கிறது. எட்டு நாள் வயது. தீவனம் போட்டால் எல்லாம் ஓடி வருகின்றன, இது ஓரமாக நின்றுவிடுகிறது. பிழைக்குமா ஐயா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

இன்றைக்கே கவனித்தால் பிழைக்கும். முதலில் அதைக் கையில் எடுத்து, பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் போதிய சூடு கிடைக்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் கழுத்தடியில், சற்று வலப்பக்கமாக இருக்கும் இரைப்பையை விரலால் தொடுங்கள். சாயங்காலம் அடையும் நேரத்தில் அது நிரம்பி மெத்தென்று இருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் பகல் முழுக்க ஒன்றும் தின்னவில்லை. கடைசியாக, தலை உச்சியிலும் இறக்கைக்கு அடியிலும் முடியை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். பேன் தாய்க்கோழியிடமிருந்துதான் வரும், குஞ்சின் வளர்ச்சியை அப்படியே நிறுத்திவிடும். இருந்தால் தலையில் வேப்பெண்ணெய் ஒரு துளி தடவுங்கள், தாய்க்கோழியையும் சேர்த்துப் பாருங்கள். பயிருக்கு அடிக்கிற மருந்தைக் குஞ்சின் மேல் தெளிக்கவே கூடாது.

தாயிடமிருந்து முழுதாகப் பிரித்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் ஒதுக்கி வைத்துவிட்டுத் திரும்ப விட்டால் தாயே கொத்தும். பகலில் நான்கைந்து முறை மட்டும் பஞ்சாரத்துக்குள் தனியாக விட்டுத் தீவனம் கொடுங்கள். துணைக்கு இன்னொரு சாதுவான குஞ்சையும் சேர்த்து விடுங்கள். ஒற்றைக் குஞ்சு கத்திக்கொண்டே இருக்கும், தின்னாது. குஞ்சுத் தீவனத்தோடு அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பொடியாக உதிர்த்து ஒரு சிட்டிகை போடுங்கள். அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போய் வயிற்றைக் கெடுக்கும். முதல் ஓரிரு நாள் ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வெல்லம் கரைத்து வையுங்கள். குடிக்கத் தெரியவில்லை என்றால் அலகு நுனியை மட்டும் நனையுங்கள். வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள், தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

ஒன்று கேட்கிறேன். தாய்க்கோழிக்கு இது முதல் ஈடா, அதாவது முதல் முறையாகத் தொடர்ந்து இட்ட முட்டைகளா? முதல் ஈட்டு முட்டை சிறியது, அதிலிருந்து வரும் குஞ்சும் சிறியது. முட்டை எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் குஞ்சின் எடை. முதல் ஈட்டைச் சாப்பிட்டுவிட்டு இரண்டாம் ஈட்டிலிருந்து அடை வையுங்கள்.

இன்குபேட்டரில் பொரித்த 30 குஞ்சுகளுக்கு 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டிருக்கிறேன். வெளிச்சம் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கின்றன, அடியில் சிக்கியது செத்துவிடுகிறது.
– வாசகர், பொள்ளாச்சி

எல்.இ.டி. பல்பு சூடு தராது. இன்றைக்கே 60 வாட் குண்டு பல்பு வாங்கி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். குஞ்சுக்கு இரண்டு வாட் என்பது கணக்கு. முதல் வாரம் பல்புக்குக் கீழே 95 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும், அப்புறம் வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். மூலைகளை அட்டையால் வட்டமாக மறையுங்கள். நெரிசல் சாவு மூலையில்தான் நடக்கும். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், வாயைத் திறந்துகொண்டு விலகி ஓடினால் சூடு அதிகம், ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது, பரவலாகப் படுத்திருந்தால் சரி. குஞ்சுகளே தெர்மாமீட்டர்.

சிறுவிடைக் குஞ்சுகள் பக்கத்து வீட்டுப் பண்ணைக் குஞ்சுகளைவிட மிகச் சிறியதாக இருக்கின்றன. சத்துக்குறைவா?
– வாசகி, சிவகங்கை

இல்லை அம்மா, அது இனம். சிறுவிடைப் பெட்டை முழுதாக வளர்ந்தாலே ஒன்றேகால், ஒன்றரைக் கிலோதான். சிறுவிடையைச் சிறுவிடையோடு ஒப்பிடுங்கள்.

குஞ்சு சரியில்லை. என்ன மருந்து?
– ஊர் பெயர் இல்லை

வயது என்ன, மொத்தம் எத்தனை, எத்தனைக்குச் சரியில்லை, எச்சம் என்ன நிறம், என்ன தீவனம், இரவில் என்ன சூடு? இந்த ஆறும் தெரியாமல் எந்த மருத்துவரும் பதில் சொல்ல முடியாது. எழுதி அனுப்புங்கள். அதுவரை சூடு கொடுங்கள்.

ஐந்து நாள் குஞ்சுகள், இருபது. நான்கைந்து மந்தமாகத் தூங்கி விழுகின்றன, வளரவே இல்லை. முதல் நாள் கடையில் கொடுத்த ஆன்டிபயாடிக் பவுடரைத் தண்ணீரில் கலந்தேன். மறுநாள் வீட்டில் இருந்த டெட்ராசைக்ளின் காப்சூலைப் பிரித்துக் கொடுத்தேன். அப்புறம் பூச்சி மருந்து, லிவர் டானிக். நேற்று இரண்டு செத்துவிட்டன. அடுத்து என்ன மருந்து கொடுக்கலாம்?
– வாசகர், கடலூர் மாவட்டம்

தம்பி, உங்கள் கடிதத்தில் நான்கு மருந்துகள் இருக்கின்றன. சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பல்பு உண்டா, பெட்டியா, திறந்த கொட்டகையா, எதுவும் எழுதவில்லை. மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வருகிறது, ஒவ்வொரு முறையும் மனசு பதறுகிறது. எத்தனையோ குஞ்சுகள் நோயால் சாவதில்லை, குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது வாய் வழியே போன மருந்தால் சாகின்றன.

முதல் இரண்டு வாரம் குஞ்சால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. உடம்பு குளிர்ந்தால் வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு கரையாது, குடல் வேலை செய்யாது, பசியும் எடுக்காது. அந்த நிலையில் அது மந்தமாகத்தான் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்கும். பார்க்கிறவருக்கு நோய் மாதிரி தெரியும். முட்டையிலிருந்து வரும்போதே இரண்டு மூன்று நாளுக்கான சாப்பாட்டை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் குஞ்சு வருகிறது. அதனால் சாவு உடனே வராது, மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் வரும். உங்கள் வீட்டில் நடப்பது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

காப்சூல் கணக்கைப் பாருங்கள். 250 மில்லிகிராம் காப்சூல் 60 கிலோ மனிதனுக்கு. உங்கள் குஞ்சு 40 கிராம் இருக்குமா? அப்படியென்றால் எடைக் கணக்குப்படி அதன் பங்கு ஆயிரத்தைந்நூறில் ஒன்று. எந்தக் கரண்டியால் அதை அளந்தீர்கள்? தண்ணீரில் பவுடர் கலந்தால் கசப்பில் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். குடிப்பது குறைந்தால் தின்பதும் குறையும். குடலில் இருக்க வேண்டிய நல்ல கிருமிகளும் போய்விடும். கடையில் கொடுக்கும் பொட்டலத்தில் பெயர் இருக்கிறதா என்றாவது பாருங்கள். கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019-லேயே தடை செய்துவிட்டது. மனிதர்களுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காத கட்டத்தில் கடைசியாகக் கொடுக்க வேண்டியது அது. பெயர் தெரியாத பவுடரைக் கலக்கும்போது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாளை வேண்டிய மருந்தையும் சேர்த்துக் கெடுக்கிறோம்.

இப்போது செய்ய வேண்டியது: எல்லா மருந்தையும் நிறுத்துங்கள். முதலில் சூடு, அது ஏறிய பிறகு வெல்லத் தண்ணீர், அது குடித்த பிறகு தீவனம். இந்த வரிசை மாறக்கூடாது, குளிர்ந்த குஞ்சுக்கு ஊட்டினால் தீவனம் இரைப்பையிலேயே தங்கிப் புளிக்கும். மின்சாரம் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வையுங்கள். கரி அடுப்பு வேண்டாம், மூடிய அறையில் அந்தப் புகையே கொல்லும். நன்றாகச் சூடு கொடுத்தும் ஒரு நாளில் தேறாவிட்டால், செத்த குஞ்சைப் பாலித்தீன் பையில் கட்டி, உயிரோடு இருக்கும் மந்தமான ஒன்றையும் எடுத்துக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். அறுத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் பாதி விஷயம் தெரிந்துவிடும். அதற்கப்புறம் மருத்துவர் மருந்து எழுதினால் கொடுங்கள்.

நான்கு நாள் குஞ்சுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்திருக்கிறது.
– வாசகர், அரியலூர்

பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவுங்கள். ஈரத்தோடு விடாதீர்கள். தினம் பாருங்கள், இரண்டு மூன்று நாள் திரும்ப வரும். குளிர், அதிகச் சூடு இரண்டிலும் இது வரும் என்பதால் பல்பையும் பாருங்கள். ஒன்று: தொப்புள் வேறு, அது பின்பக்கத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். அங்கே காய்ந்திருப்பதை இழுத்துவிடாதீர்கள்.

பொரித்த மறுநாளே கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து நிற்க முடியவில்லை. கீழே செய்தித்தாள் விரித்திருக்கிறேன்.
– வாசகர், தாராபுரம்

வழுவழுப்பான தாள்தான் காரணம். எடுத்துவிட்டுச் சாக்கு விரியுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் இரண்டு காலையும், நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, கட்டிப் பிணையுங்கள். இறுக்கமாக வேண்டாம். இரண்டு மூன்று நாளில் நேராகும். ஒரு வாரம் தாண்டினால் எலும்பு முற்றிவிடும், அப்புறம் சிரமம். கட்டிய காலோடு குஞ்சு தண்ணீர்த் தட்டில் விழுந்தால் எழ முடியாது, அதனால் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள். கால் விரிந்திருக்காமல் விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தால் அது பி2 வைட்டமின் குறை, பி காம்ப்ளக்ஸ் சொட்டு மருந்து கொடுங்கள்.

21-ஆம் நாள் காலையில் ஓட்டில் ஓட்டை போட்ட குஞ்சு மாலை வரை வெளியே வரவில்லை. உடைத்து எடுத்துவிட்டேன், ரத்தம் வந்தது. இப்போது நோஞ்சானாக இருக்கிறது.
– வாசகர், திருவாரூர்

ஏன் அவசரப்பட்டீர்கள்? ஓட்டை போட்ட பிறகு ஒரு முழு நாள்கூட ஆகும். அந்த நேரத்தில்தான் ஓட்டுக்குள் இருக்கும் ஜவ்வின் ரத்த நாளங்கள் வற்றி, மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகிறது. ரத்தம் வந்தது என்றால் அது இன்னும் தயாராகவில்லை. இப்போது சூட்டில் வைத்து, வெல்லத் தண்ணீர் அலகு நுனியில், நான் மேலே சொன்ன மாதிரி. வாயைப் பிளக்க வேண்டாம். தொப்புள் மூடாமல் வயிறு உப்பி நாற்றம் அடித்தால் பிழைப்பது கடினம்.

நாலு வாரக் குஞ்சுகள் திடீரென்று இளைத்து, இறக்கையைத் தொங்கவிட்டு நிற்கின்றன. எச்சத்தில் ரத்தம். பி காம்ப்ளக்ஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.
– வாசகர், திருவண்ணாமலை

ரத்தக்கழிச்சல். இதற்கு மட்டும் மருந்து தாமதிக்கக் கூடாது. மருத்துவரைப் பார்த்து ஆம்ப்ரோலியம் வாங்கி, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் தண்ணீரில் கொடுங்கள். அது ஓடும் நாட்களில் பி காம்ப்ளக்ஸை நிறுத்துங்கள், பி1 வைட்டமின் அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும். தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள ஈர உமியை அள்ளி வெளியே போட்டுவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள். ஈரம் இருக்கும்வரை நோய் திரும்பத் திரும்ப வரும். பெரிய கோழிகளோடு குஞ்சுகளை விட்டிருந்தால் பிரியுங்கள். வயது கலக்காதீர்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது?

நொய் அரிசி மட்டும் போட்டு வளர்க்கலாமா?
– வாசகி, பெரம்பலூர்

உயிரோடு இருக்கும், வளராது. முதல் எட்டு வாரம் 20 சதவீதம் புரதம் வேண்டும், நொய்யில் அதில் பாதிகூட இல்லை. குஞ்சுத் தீவனம் வாங்க முடியாவிட்டால் நொய்யோடு கரையானாவது சேருங்கள். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, புற்றுக்குப் பக்கத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகள் அதற்குப் பறந்து வருவதைப் பாருங்கள்.

நோஞ்சான் குஞ்சுக்கும் ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் தடுப்புக்கான கண் சொட்டு மருந்து போட வேண்டுமா?
– வாசகர், ராசிபுரம்

சின்னதாக இருந்தாலும் ஓடித் தின்கிறது என்றால் மற்றவற்றோடு சேர்த்துப் போடுங்கள். தூங்கி விழுந்தால் தள்ளிப்போடுங்கள், உடம்பு தேறாத குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி சரியாக வராது. தேறியதும் மறக்காமல் போட்டுவிடுங்கள், வெள்ளைக்கழிச்சல் வந்தபின் காப்பாற்ற வழியில்லை. மருந்தை ஐஸ் போட்டு எடுத்து வந்து, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.